பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு: சீலரா, எபோக்சியா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் பாத்ரூம் ஒன்று, ஆள் ஐந்து. டைல்ஸ் இடுக்கை அடைத்திருந்த வெள்ளைச் சிமெண்டு கிரவுட் கறுத்துப்போனபோது முதலில் தேய்த்துக் கழுவி, அதன்மேல் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் சீலர் பூசினேன். அப்புறம் அந்தக் கிரவுட்டையே சுரண்டி எடுத்துவிட்டு, சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபோக்சி கிரவுட் போட்டேன். இப்போது நான் எபோக்சி கட்சி.

சீலர் மலிவு, பூசுவதும் சுலபம். அதில் குறையே இல்லை.

தொல்லை காயவைப்பதில்தான். சிமெண்டு கிரவுட் நுண்துளை நிறைந்தது. உள்ளே ஈரம் இருந்தால் சீலர் இறங்காது. பூசிய பிறகும் தண்ணீர் படக்கூடாது. நான் வாங்கிய டப்பாவில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தது. கோலாலம்பூர் புழுக்கத்தில், காற்றாடி வைத்தும் எங்கள் பாத்ரூம் காய இரண்டு நாள் ஆனது. ஆக மூன்று நாள், ஐந்து பேரும் துண்டும் வாளியுமாக அத்தை வீட்டுக்கு நடந்தோம். ஒரு தடவை என்றால் சரி. குளிக்கும் மூலையில் ஏறக்குறைய வருடா வருடம் பூச வேண்டுமே! ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: முத்தாக நிற்காமல் இடுக்கு உறிஞ்சிக் கறுத்தால் சீலர் போய்விட்டது. எங்களுக்குப் பத்தாம் மாதமே உறிஞ்சியது. அம்மா கறை போக வினிகர் ஊற்றித் தேய்த்ததும் காரணமாக இருக்கலாம். புளிப்பு சிமெண்டை அரிக்கும்.

எபோக்சிக்கும் பாத்ரூமை மூடத்தான் வேண்டும், ஆனால் ஒரு தடவை. அது தண்ணீரை உறிஞ்சாது, சீலரும் வேண்டாம். சோப்பு அழுக்கில் பூஞ்சை வரத்தான் செய்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்தால் போய்விடுகிறது. விலை பல மடங்கு. நம் ஊர்ச் சூட்டில் கலவை சீக்கிரம் இறுகும். டைல்ஸ் மேல் படிந்ததை உடனே துடைக்க வேண்டும். வாசலோரம் நான் விட்ட ஒரு திட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. வெயில் பட்டால் வெள்ளை மஞ்சளாகும் என்பதால் சாம்பல் நிறம் எடுத்தேன்.

எனக்கு எபோக்சியோடு 14 மாதப் பழக்கம்தான். வீட்டில் இரண்டு பாத்ரூம் இருந்தால் நானும் சீலரோடு நின்றிருப்பேன்.

கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம் என்றால் இரண்டையுமே வாங்காதீர்கள். அடுக்குமாடிகளுக்கான மலேசியாவின் 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி முதலில் மேல்வீட்டைத்தான் சந்தேகிப்பார்கள். கசிவைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் இருக்கும் வாட்டர்புரூஃபிங். அது போயிருந்தால் டைல்ஸைப் பெயர்க்க வேண்டியதுதான்.