மங்கிய முகப்பு விளக்குகள்: கிளியர் கோட் அடித்துச் சில கோடைகள் கழித்து

எங்கள் வேகன் ஆர் தூத்துக்குடியில் திறந்தவெளியில் நிற்கும் வண்டி. ஓட்டமோ பெரும்பாலும் துறைமுகச் சாலையில், சரக்கு லாரிகளின் பின்னால். வெயிலும் தெறிக்கும் கற்களும் சேர்ந்து 2021 வாக்கில் இரண்டு முகப்பு விளக்குகளையும் மஞ்சளாக்கிவிட்டன. இரவில் சாலையைவிட ஓரத்து உடைமரங்களுக்கே அதிக வெளிச்சம் போனது.

பட்டறை ஒன்றில் ரப்பிங் காம்பவுண்ட் வைத்து மெஷினால் தேய்த்துக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பளபளத்தது, அடுத்த கோடை முடிவதற்குள் மஞ்சள் திரும்பிவிட்டது. திரும்பாமல் என்ன செய்யும்? விளக்கின் மூடி கண்ணாடியல்ல, பாலிகார்பனேட். கல் பட்டால் எளிதில் உடையாது, ஆனால் புற ஊதாக் கதிர்கள் அதை அரித்துவிடும். அதற்காகவே தொழிற்சாலையில் ஒரு காப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். தேய்க்கும்போது மிச்சமிருந்த பூச்சும் போய்விடுகிறது. பற்பசை வைத்தியத்துக்கும் இதே கதிதான்.

2022-இல் நானே செய்தேன். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரில், 600 நம்பரில் தொடங்கினேன். நம்பர் கூடக் கூடத் தாள் நயமாகும். முதலில் வழியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். பழைய பூச்சு தீவு தீவாக நிற்பது துடைத்துப் பார்த்தால் தெரியும். தண்ணீர் வெள்ளையாகி, காய்ந்த பரப்பு எங்கும் ஒரே சீராகப் பனி படர்ந்ததுபோல் தெரிந்தால்தான் அடுத்த நம்பருக்குப் போக வேண்டும். பிறகு 800, 1000. இந்த இடத்தில் பொறுமைதான் முக்கியம். மெஷின் இல்லாமலே முடிந்தது.

கல் பட்ட குழிகள் வேறு விவகாரம். நகத்தால் வருடினால் தட்டுப்படும் குழியை முழுதாக எடுக்க நினைத்தால் மூடியே மெலிந்துவிடும். மேலோட்டமானவற்றைத் தேய்த்தெடுத்து, ஆழமானவற்றை விட்டுவிட்டேன். விளக்கெரியும்போது அவை சிறு புள்ளிகளாக மின்னுகின்றன, ஓட்டுவதற்கு இடைஞ்சலில்லை.

தேய்த்த பரப்பின் மேல் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு, அடிப்பதாக இருந்தால் அதற்கு முன் பாலிஷ் போடவே கூடாது. வழவழப்பான பரப்பில் பூச்சு பிடிக்காது, பாளம் பாளமாக உரியும். 1000 நம்பர் விட்ட கீறல்களை கிளியரே நிரப்பிவிடும். பூச்சை இறுகவைக்கும் ஹார்டனர் கலக்கும் வகையைத்தான் அடித்தேன். அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு. துணி முகக்கவசம் போதாது, ரசாயன வடிகட்டி உள்ளது வேண்டும். அந்த வசதியில்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் பெயின்ட் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

இன்று பார்த்தால் மஞ்சள் இல்லை. பிற்பகல் வெயில் படும் இடது விளக்கின் மேல்விளிம்பில் மட்டும் பூச்சு லேசாகத் தூக்கியிருக்கிறது. புதிதாகக் கல் பட்ட இடங்களில் பொட்டுப் பொட்டாகப் பெயர்ந்திருக்கிறது. இன்னும் ஓரிரு கோடை தாங்கும் என்றே நினைக்கிறேன். தாங்காவிட்டால் மறுபடி தேய்த்து அடிப்பேன், செலவு அப்படியொன்றும் அதிகமில்லை.

கரைப்பான் ஆவியைக் காட்டி நொடியில் தெளிவாக்கும் முறையை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது மேற்பரப்பை இளக்கித்தான் தெளிவாக்குகிறது; நாளடைவில் உள்ளே மயிரிழை விரிசல்கள் விழலாம், அவற்றை எந்தப் பேப்பராலும் எடுக்க முடியாது. உள்பக்கம் மங்கியிருந்தாலோ, ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு கருகியிருந்தாலோ வெளியே எவ்வளவு தேய்த்தாலும் வீண். விளக்கை மாற்றிவிடுங்கள்.