விருந்து மேஜைக்கு எந்த ஒயின்: புகழை விடப் புளிப்பைப் பாருங்கள்

பண்டிகை விருந்துக்கு ஒயின் வாங்கும்போது, இருப்பதிலேயே கனமான, பேர் பெற்ற சிவப்பு ஒயினைத்தான் பலரும் எடுக்கிறார்கள். ஒரே ஒரு இறைச்சி வகையோடு சாப்பிடும்போது அது பிரமாதமாக இருக்கலாம். விருந்து வேறு மாதிரி. உப்பு, காரம், இனிப்பு, கொழுப்பு எல்லாம் ஒரே தட்டில் வந்து சேரும். அந்தத் தட்டுக்கு ஒயின் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது இரண்டே குணங்கள்தான்: புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு. புளிப்பு தூக்கலாகவும் துவர்ப்பு அடக்கமாகவும் உள்ள ஒயின் ஏறக்குறைய எதனோடும் ஒத்துப்போகும்.

சிவப்பிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் தேர்வு தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு பக்கம் கபர்னே சாவிஞான், மறுபக்கம் கமே; இரண்டும் சிவப்பு ஒயின் தரும் திராட்சை வகைகள்.

கபர்னே சாவிஞான் பிரான்ஸின் ஒயின் பகுதியான போர்தோவின் பெருமை. இன்று உலகம் முழுக்கப் பயிராகிறது. கபர்னே ஃப்ராங், சாவிஞான் ப்ளாங் என்ற இரண்டு திராட்சைகள் இயற்கையாகக் கலந்து பிறந்தது அது என்பதை 1997இல் வெளியான மரபணு ஆய்வு உறுதி செய்தது. பழம் சிறியது, தோல் தடிமன். அதனால் தோலிலும் விதையிலும் இருக்கும், துவர்ப்பைத் தரும் டானின் ஒயினில் நிறைய இறங்கிவிடும். டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறண்டு இழுத்துப் பிடிக்கிறது. கொழுப்புள்ள மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ தட்டில் இருந்தால் இது ஒரு குறையே இல்லை. இறைச்சி அந்தத் துவர்ப்பைத் தணித்துவிடும், ஒயினும் வாயில் தங்கும் கொழுப்பைத் துடைத்துவிடும். ஆனால் கோழி, வான்கோழி போன்றவற்றின் கொழுப்பில்லாத மார்புக்கறியோடு குடித்துப் பாருங்கள்: கறியின் ருசி காணாமல் போய்விடும். காரம் சேர்ந்தால் இன்னும் மோசம். துவர்ப்பும் 14 சதவீத ஆல்கஹாலும் எரிச்சலை ஏற்றிவிடும். இனிப்பான சாஸ் பட்டால் ஒயினே கசப்பாகத் தெரியும்.

கமேயின் கதை நேர்மாறானது. 1395இல் பிரான்ஸின் பர்கண்டி பகுதியை ஆண்ட பிலிப், இந்தத் திராட்சையைத் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். அவருக்குப் பினோ நுவார் என்ற இன்னொரு சிவப்புத் திராட்சைதான் உயர்வு. பர்கண்டியில் மதிப்பிழந்த கமே, அதற்குத் தெற்கே பொஜோலேயின் கருங்கல் மண்ணில் வேர்பிடித்து நிலைத்தது. அங்கே பல இடங்களில் கொத்தை நசுக்காமல் முழுசாகவே தொட்டியில் போட்டு நொதிக்க வைக்கிறார்கள். இதனால் பழவாசம் தூக்கலாக வரும், டானின் குறைவாகவே இறங்கும். செர்ரி, ராஸ்பெரி வாசமும் நல்ல புளிப்பும் உள்ள இந்த ஒயின் கோழிக்கும் சரி, பன்றி இறைச்சிக்கும் சரி, காளானுக்கும் சரி, வாட்டிய காய்கறிக்கும் சரி, இடைஞ்சல் செய்யாது. நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வரும் பொஜோலே நூவோவை மட்டும் வைத்து கமேயை எடைபோட வேண்டாம். அது சில வாரங்களே ஆன இளம் ஒயின். பொஜோலேயில் தனிப்பெயர் பெற்ற 10 கிராமப் பகுதிகள் இருக்கின்றன. அவற்றில் ஃப்ளூரி மென்மையானது. மோர்கோன் கொஞ்சம் அழுத்தமானது, சில ஆண்டுகள் வைத்தும் குடிக்கலாம். விருந்துக்கு நான் கை நீட்டுவது மோர்கோனை நோக்கித்தான். பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு பாட்டிலை ஃபிரிட்ஜில் வையுங்கள். 13 அல்லது 14 டிகிரியில் அதன் பழவாசம் நன்றாகத் திறந்துகொள்ளும்.

பினோ நுவார் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நல்லது கிடைத்தால் அற்புதம்தான். ஆனால் வளர்ப்பதற்குச் சிரமமான திராட்சை, அதனால் விலை குறைந்த பாட்டில்கள் பலவும் சாரமில்லாமல் இருக்கின்றன. அதே விலைக்குக் கமேயே மேல்.

வெள்ளை ஒயினில் போட்டி ரீஸ்லிங் திராட்சைக்கும், ஓக் மரப் பீப்பாயில் ஊறிய ஷார்டனேக்கும். ஷார்டனேயின் அந்த வெண்ணெய் வாசம், கூர்மையான மாலிக் அமிலத்தை பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது வருவது. புளிப்பு தணிகிறது, வாயில் கனம் கூடுகிறது. க்ரீம் சாஸ், சிங்கி இறால் என்று மேஜை அமைந்தால் இதற்கு நிகரில்லை. மற்றபடி, கனமான சாப்பாட்டின் மேல் கனமான ஒயின் சேர்ந்து இரண்டாவது கோப்பையிலேயே திகட்டிவிடும்.

ரீஸ்லிங் 1435ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியக் கணக்கேடு ஒன்றில் பதிவான திராட்சை. கொஞ்சம் இனிப்பு இருந்தாலும் புளிப்பு அதைத் தாங்கிப் பிடிக்கும், அதுதான் அதன் பலம். லேபிளில் ‘காபினெட்’ என்று போட்ட, ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங்கில் ஆல்கஹால் பெரும்பாலும் 8 அல்லது 9 சதவீதம்தான்; மெல்லிய இனிப்பு காரத்தை அணைக்கும். நீண்ட விருந்தில் தலை பாரமாகாமல் இருப்பதும் முக்கியம் அல்லவா? இனிப்பே வேண்டாம் என்பவர்கள் ‘ட்ரோக்கன்’ என்று எழுதியதை எடுக்கலாம்.

அப்புறம் நுரை ஒயின். பிரான்ஸின் ஷாம்பெயினும் ஸ்பெயினின் காவாவும் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பவை. ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெயின் குறைந்தது 15 மாதமும் காவா குறைந்தது 9 மாதமும் காத்திருந்துதான் விற்பனைக்கு வரும். ஈஸ்ட்டோடு கிடப்பதால் ரொட்டி வாசம் ஏறும். இத்தாலியின் ப்ரொசெக்கோ பெரும்பாலும் பெரிய தொட்டியில் நொதிப்பது. பழவாசம்தான் அதில் முன்னே நிற்கும். விருந்தினர் வந்ததும் கொடுக்க ப்ரொசெக்கோ போதும். சாப்பாடு முழுக்க வைத்துக்கொள்வதானால் காவா எடுங்கள், எண்ணெயில் பொரித்த எதனோடும் அருமையாகப் போகும். ஷாம்பெயின் இதையெல்லாம் இன்னும் ஆழமாகச் செய்யும், ஆனால் கூட்டம் பெரிதென்றால் செலவு எகிறும். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் 5 கோப்பைதான் வரும். வாங்கும்போது ஒரு கவனம்: ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்ற பெயர் இனிப்பே இல்லாதது போலத் தோன்றினாலும், அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை. இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் ‘ப்ரூட்’ எடுக்க வேண்டும், அதில் 12 கிராமுக்குள்தான்.

கடைசியில் வரும் இனிப்புப் பண்டத்தோடு ப்ரூட் ஊற்றாதீர்கள், வெறும் புளிப்பாகத் தெரியும். ஒயின் அந்தப் பண்டத்தை விட இனிப்பாக இருக்க வேண்டும். சாக்லேட்டுக்குப் போர்ட் என்ற இனிப்பு ஒயின் நன்றாகப் பொருந்தும், ஆனால் அதன் ஆல்கஹால் ஏறக்குறைய 20 சதவீதம். வயிறு நிறைந்த பிறகு ஒரு சின்னக் கோப்பைக்கு மேல் இறங்காது. பழம், க்ரீம் சேர்ந்த இனிப்பென்றால் இத்தாலியின் இனிப்பு ஒயினான மொஸ்காட்டோ தாஸ்திதான் என் தேர்வு: ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான், லேசான நுரை, பீச் பழ வாசம். நன்றாகக் குளிரவைத்து ஊற்றுங்கள்.