கனெக்‌ஷன் ஃப்ளைட் போன பிறகு எப்படி நடந்துகொண்டார்கள்: சென்னை – என்டெபே (உகாண்டா) பயண விமர்சனம்

விமான நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. என் புகார் அவர்களிடம் இன்னும் நிலுவையில் இருக்கிறது, அது முடிவதற்குள் பெயர் சொல்வது முறையில்லை. சென்னையிலிருந்து வளைகுடா வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போகிற பெரிய நிறுவனங்களில் ஒன்று, அவ்வளவு தெரிந்தால் போதும். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுக்கிறேன். அந்த இரண்டும் விமானத்துக்குள் எங்களைக் கவனித்துக்கொண்ட பிள்ளைகளுக்கும், நடுராத்திரியில் கவுண்டருக்கு வந்த ஒரு மலையாளத் தம்பிக்கும் சேர வேண்டியது.

நான் பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். உகாண்டாவில் கம்பாலாவுக்குக் கிழக்கே முக்கோனோ பக்கம் ஒரு திருச்சபைப் பள்ளியில் மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு, நானும் நாகர்கோவிலைச் சேர்ந்த ஓர் இளம் அறிவியல் டீச்சரும் ஊழியமாகப் போனோம். அங்கே பிப்ரவரி தொடக்கத்தில்தான் முதல் பருவம் ஆரம்பம். புதிதாக வருகிற ஆசிரியர்களுக்கு ஜனவரி நடுவில் ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள், அந்த நாட்டுப் பாடத்திட்டம் என்ன, நவம்பரில் வருகிற பொதுத் தேர்வு எப்படி இருக்கும் என்பதெல்லாம் அதில்தான் சொல்லித்தருவார்கள். அந்தத் தேதிக்காக எடுத்த டிக்கெட் போகியன்று காலையில் அமைந்தது.

போகிப் புகையும் பனியும் சேர்ந்தால் மீனம்பாக்கத்தில் என்ன ஆகும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 போகியன்று ஓடுதளமே கண்ணுக்குத் தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதனால் விமானம் லேட்டானதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. விமானி கிளம்பாமல் இருந்ததுதான் சரி. என் வருத்தமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக ஒன்றுமே தெரியவில்லை, கைபேசியில் இருக்கிற ஆப் மட்டும் ‘சரியான நேரம்’ என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டில் நின்றவர்களும் கனெக்‌ஷன் கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்குத் தண்ணீர்கூட நாங்கள்தான் வாங்கிக் கொடுத்தோம்.

வளைகுடாவில் இறங்கும்போது என்டெபே விமானம் போய்விட்டிருந்தது. டிரான்ஸ்ஃபர் கவுண்டரில் நீண்ட வரிசை. இந்தக் கவுண்டர் இல்லை, அந்தக் கவுண்டர் என்று அனுப்பினார்கள், அங்கே போனால் திரும்ப முதல் கவுண்டருக்கே அனுப்பினார்கள். கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கூப்பனைக் கையில் கொடுத்து, நாளை இரவு விமானம், அதுவரை உட்காருங்கள் என்றார்கள். தங்குவதற்கு அறை கேட்டால், வெளியே போக விசா வேண்டும், அதற்கு நேரமாகும் என்று பதில். ஆனால் விமான நிலையத்துக்கு உள்ளேயே டிரான்சிட் ஹோட்டல் இருக்கிறது, அதன் பலகை நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

கூட வந்த அறிவியல் டீச்சர் தங்கச்சி, “அக்கா, விடுங்க, கர்த்தர் ஏதோ காரணத்துக்காகத்தான் நம்மள நிறுத்தி வச்சிருக்கார், ஜெபம் பண்ணிட்டு இருப்போம்” என்றாள். ஜெபம் பண்ணினோம். அதன் பிறகு நான் எழுந்து மறுபடி கவுண்டருக்குப் போனேன். இதை இங்கே எழுதக் காரணமே அதுதான். ஊழியத்துக்குப் போகிற நம் ஆட்கள் பலர் இந்த மாதிரி இடத்தில் வாயைத் திறப்பதில்லை, கேட்டால் சாட்சி கெட்டுவிடும், அதாவது கிறிஸ்தவர் என்ற நல்ல பெயர் போய்விடும் என்று நினைக்கிறார்கள். பைபிளில், ரோமாபுரிக்கு வரப் பலமுறை நினைத்தும் தடைபட்டது என்று எழுதிய அதே பவுல்தான், பிலிப்பி பட்டணத்தில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள் மறுநாள் சத்தமில்லாமல் போகச் சொன்னபோது, நாங்கள் ரோமக் குடிமக்கள், அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று நின்றவர். பொறுமையாக இருக்கத்தான் வேண்டும், அதற்காக உரிமையைக் கேட்காமல் இருக்கச் சொல்லி யாரும் நமக்குப் போதிக்கவில்லை. அதுவும் அந்தப் பயணச்செலவு சபை மக்கள் காணிக்கையாகக் கொடுத்த பணம் என்னும்போது கேட்டே ஆக வேண்டும்.

ஷிஃப்ட் மாறி அந்த மலையாளத் தம்பி வந்தார். எங்கள் இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில் (ஒரே முன்பதிவு எண்ணில்) இருப்பதைப் பார்த்ததும், “டீச்சர், இது எங்க பொறுப்புதான்” என்றார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது: மறுநாள் காலையில் நைரோபி வழியாக வேறொரு நிறுவனத்தின் விமானம், உள்ளேயே ஓர் அறை, கைக்குழந்தைக்காரிக்கும் ஓர் அறை. நான் கேட்காமலே, விமானம் எவ்வளவு லேட், என்ன காரணம் என்று லெட்டர்ஹெட்டில் அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, காப்பீட்டுக்காரன் இதைத்தான் முதலில் கேட்பான், போர்டிங் பாஸையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார். இதையே முந்தின ஷிஃப்டும் செய்திருக்கலாமே, விதி இரண்டு பேருக்கும் ஒன்றுதானே.

ஒரே பிஎன்ஆர் என்பது சாதாரண விஷயம் இல்லை. வளைகுடா வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொன்று என்று தனித்தனியாக எடுத்தால் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் முதல் விமானம் லேட்டானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை, டிக்கெட் பணம் போனது போனதுதான். எங்கள் ஊர் டிராவல்ஸ் அண்ணன் இதில் பிடிவாதமாக இருந்தார், நன்றாக இருக்கட்டும்.

என்டெபேயில் இறங்கியதும் மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டையைத்தான் கேட்டார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டது, கிளம்புவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டால்தான் செல்லும். அட்டையையும் மாத்திரைகளையும் கைப்பையில் வைத்திருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! ஏனென்றால் என் பெட்டி வரவில்லை. அதில் துணிமணி கொஞ்சம்தான், மீதியெல்லாம் பிள்ளைகளுக்கு வாங்கிய ஜியோமெட்ரி பாக்ஸ், கிராஃப் நோட்டு, நான் இத்தனை வருஷம் சேர்த்து வைத்த வினாத்தாள் கட்டு. விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பெட்டி வரவில்லை என்று புகார் எழுதிக் கொடுத்து, நம்பரோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி கைக்கு வந்த பிறகும் 21 நாளுக்குள் எழுத்தில் நஷ்ட ஈடு கேட்க வேண்டும் என்று விமானப் பயணிகளுக்கான சர்வதேச ஒப்பந்தமான மான்ட்ரியல் உடன்படிக்கை சொல்கிறது, இந்தியா அதில் 2009-லேயே சேர்ந்துவிட்டது.

சில நாள் கழித்து, பெட்டி வந்துவிட்டது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று போன். முக்கோனோவிலிருந்து என்டெபே போக வேண்டுமென்றால் கம்பாலா டிராஃபிக்கைத் தாண்ட வேண்டும், ஒரு நாள் பாடம் போய்விடும். நீங்கள்தான் கொண்டுவந்து தர வேண்டும் என்றேன், தந்தார்கள். பூட்டு உடையவில்லை, ஒரு பொருளும் குறையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் வாங்கிய துணி, செருப்புக்குப் பணம் கேட்டதற்கு மட்டும், கடைக்காரர் கையால் எழுதிய பில் செல்லாது, அச்சடித்த பில் வேண்டும் என்கிறார்கள். முக்கோனோ சந்தையில் துணி விற்கிற அம்மாவிடம் அச்சடித்த பில்லுக்கு எங்கே போவது? அதற்குத்தான் இப்போது இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஆசிரியர் கூட்டம் எங்களுக்குத் தவறிப்போனது. தலைமையாசிரியர் மனசு வைத்து மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். பள்ளி வண்டி முதல் நாள் என்டெபே வரை வந்து காத்திருந்து வெறுமனே திரும்பியிருக்கிறது. அந்த டீசல் செலவையும் புகாரில் சேர்த்திருக்கிறேன், கொடுக்கிறார்களோ இல்லையோ.

இந்த நிறுவனத்தில் போகலாமா என்று கேட்டால், ஒரே டிக்கெட்டாக, நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டு எடுக்கிறவர்கள் போகலாம். போகியன்று காலையில் சென்னையிலிருந்து மட்டும் வேண்டாம். நெல்லை, குமரிப் பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரம்தான் கிட்ட, அங்கிருந்தும் வளைகுடாவுக்கு விமானம் இருக்கிறது. அடுத்த முறை நான் அந்த வழியாகத்தான் போகப்போகிறேன்.