புதிய காரில் குறையா? ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

சென்ற ஆண்டு கோவையில் உள்ள ஒரு ஷோரூமில் நான் வாங்கிய புதிய ஆட்டோமேட்டிக் கார், சில வாரங்களிலேயே ஏற்றங்களில் இழுவை இழந்து நிற்கத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் உறுமும், வண்டி நகராது. கோத்தகிரி மலைப்பாதையில் பின்னால் பேருந்து வரும்போது இப்படி நின்றால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. மென்பொருளைப் புதுப்பித்தார்கள், கிளட்ச்சை மாற்றினார்கள், குறை தீரவில்லை. ஆகவே வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தருமாறு தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதினேன்.

தங்கள் பதிவேட்டின்படி கியர்பாக்ஸ் குறித்து ஒரே ஒரு புகார்தான் உள்ளது என்று பதில் வந்தது. ஏற்றத்தில் இழுவை போகிறது என்று நான் சொன்னதை, சர்வீஸுக்கு வண்டியை எடுக்கும்போது புகாரை எழுதும் தாளான ஜாப் கார்டில், சர்வீஸ் ஆலோசகர் ஒருமுறை ‘பொதுப் பரிசோதனை’ என்றும், மறுமுறை ‘ஓட்டிப் பார்த்ததில் குறை தென்படவில்லை’ என்றும் பதிந்திருந்தார். சும்மா பார்த்துத் தருகிறோம் என்று ஜாப் கார்டே போடாமல் வண்டியை வாங்கி வைத்துக்கொண்டதும் உண்டு. உங்கள் புகார் உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் ஏறும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். வண்டி உள்ளே போன தேதியும் வெளியே வந்த தேதியும் அதில் இருக்க வேண்டும்.

முடிவு நிறுவனத்தின் கையில் என்கிறார் டீலர். டீலர் எங்கள் முகவர் அல்லர், எங்களிடம் வாங்கி விற்பவர் மட்டுமே என்கிறது நிறுவனம். (விளம்பரத்தில் மட்டும் எல்லோரும் ஒரே குடும்பம்.) கடைசியில், கூடுதல் வாரண்டியை இலவசமாகத் தருவதாகச் சொல்லி, ‘முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற கடிதத்தை நீட்டினார்கள். நான் கையெழுத்திடவில்லை. அப்படி இட்டிருந்தால், பின்னர் வழக்கில் எனக்கு எதிரான முதல் ஆவணம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அமெரிக்க மாநிலங்களில் இருப்பதுபோல், குறையுள்ள புதிய வண்டியை நிறுவனமே திரும்ப வாங்க வேண்டும் என்று வகுக்கும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி விதிப்படி பழுதான பாகத்தை மாற்றித் தருவதே கடமை, முழு வண்டியையும் மாற்ற வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. உற்பத்திக் குறை என்பதை நிபுணர் அறிக்கையால் நிறுவும் சுமையும் பெரும்பாலும் வாங்கியவர் மேலேயே விழுகிறது.

எனினும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே நிறுவனம், டீலர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்து வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம்வரையான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். வழக்கின் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், அடுத்த மென்பொருள் வரட்டும் என்று அவர்கள் கேட்கும் ஒவ்வொரு அவகாசமும் உங்கள் கணக்கில்தான் கழிகிறது.

விலையோடு சாலை வரி, இன்ஷூரன்ஸ், கடன் வட்டி ஆகியவற்றையும் மனுவில் தனித்தனியே கேளுங்கள். வண்டி ஓடவில்லை என்பதற்காக வங்கித் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடன் ஒப்பந்தம் வேறு, வங்கி உங்கள் சண்டைக்குள் வராது.