டோக்குவிக்கி: எங்கள் கல்லூரியில் மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் சூப்பிரண்டென்ட் சார் ரிடையர் ஆன அன்றைக்கு சால்வை, போட்டோ, ஸ்வீட்டு காரம் எல்லாம் முறையாக நடந்தது. அடுத்த திங்கட்கிழமை ஒரு பையன் முதல் பட்டதாரி சலுகைக்கு என்னென்ன பேப்பர் வேண்டும் என்று ஆபீசுக்கு வந்து நிற்கிறான், அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியவில்லை. பழைய பைல் மூணாவது பீரோவில் இருக்கும் என்று ஒருத்தர் சொல்ல, பீரோ திறக்கவில்லை. சாருக்கு போன் போட்டோம். "அதுக்கு ரெண்டாவது பீரோ சாவிதாம்மா சேரும், லேசா தூக்கிப் பிடிச்சுத் திருப்பணும்" என்றார். பத்து நாள் இப்படி அரைமணிக்கு ஒரு தடவை போன். பாவம் மனிதர், ஒரு தடவைகூட சலித்துக்கொள்ளவில்லை. அப்புறம் மகள் வீட்டுக்கு பெங்களூர் போய்விட்டார், பேரனைப் பார்க்கிற நேரத்தில் நாமும் எத்தனை தடவைதான் கூப்பிடுவது.

அதே சமயத்தில் நாக், அதாவது கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கிற தேசிய அமைப்பு, அதற்கான வேலை வேறு. அதில் அப்போது இருந்த ஏழு கிரைட்டீரியாவில் மூன்றாவதுக்கான ஆதாரங்கள் முழுவதையும், ஜியோடேக் (எடுத்த இடம் பதிவான) போட்டோவோடு சேர்த்து, போன வருடம் வேலையை விட்டுப் போன ஒருவர் தன் சொந்த மெயிலின் டிரைவில் வைத்திருந்தார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, கல்லூரியிலிருந்து அவருக்கு மெயில் ஐடி கொடுத்தால்தானே. மிச்சம் இருந்தவை வாட்ஸ்அப் குரூப்பில், யாரோ போன் மாற்றியபோது அதுவும் போச்சு. இந்தக் கடுப்பில்தான், ஆபீஸ் விவரங்களை எல்லோரும் ஒரே இடத்தில் எழுதி வைக்க டோக்குவிக்கியைத் தேடிப் பிடித்தேன்.

இது இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். 2004இல் ஜெர்மனியில் ஆந்த்ரேயாஸ் கோர் என்பவர் ஆரம்பித்தது, இன்றைக்கும் புதுப் பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. விக்கிப்பீடியா மாதிரியே பக்கத்தைத் திறந்து, திருத்தி, சேமிக்கலாம், ஆனால் ஆபீசுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளலாம். யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதைப் பக்கம் பக்கமாக, பிரிவு பிரிவாகத் தனித்தனியே கொடுக்க முடியும். போடும்போதே திறந்த விக்கியா, எல்லோரும் படித்து உறுப்பினர் மட்டும் எழுதுவதா, முழுக்க மூடியதா என்று கேட்கும். நாங்கள் மூடியது.

லேபில் ஓரங்கட்டி வைத்திருந்த 4 ஜிபி ரேம் டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ், அப்பாச்சி என்ற வெப் சர்வர், இது ஓடத் தேவையான பிஎச்பி. அவ்வளவுதான், டேட்டாபேஸ் கிடையாது. டவுன்லோட் செய்து பக்கம் திறக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நிறுவி முடித்ததும் அந்த இன்ஸ்டால் பைலை அழித்துவிட வேண்டும், டேட்டா போல்டரை பிரவுசரில் நேரடியாகத் திறக்க முடியாதபடி அடைக்க வேண்டும். அப்பாச்சியில் அதற்கான அமைப்பு கூடவே வருகிறது, என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வர் வைத்திருப்பவர்கள் தாங்களே எழுத வேண்டும்.

டேட்டாபேஸ் இல்லை என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம், எனக்கு இதில் பிடித்ததே அதுதான். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைல். நோட்பேடில் திறந்தால் அப்படியே படிக்கலாம். நாளைக்கு இந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் எழுதினது போகாது. போன வருடம் யுபிஎஸ் பேட்டரி செத்து, அந்த டெஸ்க்டாப்பின் ஹார்டு டிஸ்க்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமைதோறும் போல்டரை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்து வைப்பது என் வழக்கம், அதனால் வேறொரு மெஷினில் ஒட்டினேன், இருபது நிமிடத்தில் பழையபடி ஓடியது. திங்கள், செவ்வாய் எழுதினது மட்டும் போச்சு. அதுவும் என் சோம்பேறித்தனம், தினமும் தானாகக் காப்பி எடுக்க வைத்திருக்கலாம்.

எழுதுவது எப்படி? தலைப்புக்கு இரண்டு பக்கமும் சமக்குறி, இணைப்புக்கு இரட்டைச் சதுர அடைப்பு, பட்டியலுக்கு இரண்டு இடைவெளி விட்டு நட்சத்திரம். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்கள் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். மெக்கானிக்கலில் ஒரு சீனியர் "வேர்டு மாதிரி இல்லையேம்மா" என்று அதோடு நிறுத்திக்கொண்டார். புரோஸ்மிரர் என்ற பிளக்இன் (கூடுதல் வசதிக்குச் சேர்க்கிற துணை மென்பொருள்) போட்டால் கிட்டத்தட்ட வேர்டு மாதிரி ஆகிவிடும், அதைப் போட்ட பிறகுதான் ஆபீஸ் ஸ்டாப் உள்ளே வந்தார்கள். முதல் நாளே போட்டிருக்க வேண்டும். ஒருவர் பக்கத்தைத் திருத்த எடுத்தால் அடுத்தவர் கை வைக்க முடியாமல் பூட்டிக்கொள்ளும், பதினைந்து நிமிடம் எதுவும் செய்யாமல் விட்டால் பூட்டு விலகிவிடும். டீ குடிக்கப் போனவருக்காகக் காத்திருந்து கடுப்பானவர்கள் உண்டு.

பழைய பதிப்புகள் எல்லாம் அப்படியே இருக்கும், எந்த வரி எப்போது யாரால் மாறியது என்று பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டும். அரியர் பீஸ் கட்டும் கடைசித் தேதியை யாரோ தப்பாக மாற்றிவிட்டதாக ஒரு சண்டை வந்தது. பார்த்தால், மாற்றியது புகார் சொன்னவரே. அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். இதை எங்கேயும் யாரும் எழுதி வைக்காததால் நானே அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்துக்கு "முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கும் முறை" என்று தமிழில் பெயர் வைத்தேன், சேமிக்க மறுத்தது. காரணம் இதுதான்: பக்கத்தின் பெயரே பைலின் பெயரும். அந்தப் பெயரை இது இயல்பாக சதவீதக் குறி போட்ட குறியீடாக மாற்றி வைக்கிறது, அதில் ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம் போகிறது. நாம் ஒரே எழுத்தாக நினைக்கிற "மு" கணினிக்கு ம, உகரக் குறி என்று இரண்டு. பைல் பெயருக்கு உச்சவரம்பு 255. கணக்குப் போட்டால் பதினைந்து எழுத்து தாண்டுவதற்குள் மூச்சு முட்டுகிறது. இதற்கு இரண்டு வழி. அமைப்பில் பைல் பெயரை, குறியீடாக மாற்றாமல், யுடிஎப்-8 என்ற யூனிகோடு வடிவத்திலேயே வைக்கச் சொல்லலாம், அப்போது ஒரு குறிக்கு மூன்று இடம்தான். ஆனால் முதல் பக்கம் எழுதுவதற்கு முன்பே மாற்ற வேண்டும், பாதியில் மாற்றினால் பழைய தமிழ்ப் பெயர்ப் பக்கங்கள் கண்ணில் படாது. நான் இன்னொரு வழிக்குப் போனேன்: முகவரியில் ஆங்கிலத்தில் சின்னப் பெயர், பக்கத்துக்குள் தமிழ்த் தலைப்பு, "முதல் தலைப்பையே பெயராகக் காட்டு" என்ற அமைப்பை ஆன் செய்தது. இப்போது பட்டியலில் எல்லாம் அழகாகத் தமிழில் வருகிறது.

அடுத்தது தேடல். இது இயல்பாக முழுச் சொல்லைத்தான் தேடும். நம் மொழியில் சொல் ஒரு இடத்தில் நிற்குமா? பக்கத்தில் "கட்டணத்தை", "கட்டணத்துக்கு" என்று இருக்கும், தேடுகிறவர் "கட்டணம்" என்று அடிப்பார், ஒன்றும் வராது, "இதுல ஒண்ணுமே இல்ல மேடம்" என்று மூடிவிட்டுப் போய்விடுவார். "கட்டண" என்று அடித்துப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் எல்லாம் வரும். "தேர்வுக்கட்டணம்" என்று சேர்த்து எழுதியிருந்தால் முன்னாலும் நட்சத்திரம் வேண்டும். இதை ஆபீசில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுப்பது? கடைசியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி சேர்த்தோம்: "பீஸ், எக்ஸாம் பீஸ், பரீட்சை பீஸ், கட்டணம், தேர்வுக் கட்டணம்". பார்க்க அசிங்கம்தான், ஆனால் அன்றிலிருந்துதான் ஜனங்கள் தேடினது கிடைக்க ஆரம்பித்தது.

பழைய சுற்றறிக்கைகளை ஒட்டினால் குப்பை குப்பையாக வந்ததற்கு இந்த மென்பொருள் பொறுப்பில்லை. அவை பாமினி, வானவில் என்ற, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்தவை. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்தது 2010இல், எங்கள் டைப்பிஸ்ட் மாறியது ரொம்பப் பின்னால்.

இனி ஆட்கள் விஷயம். மென்பொருள் போட்டுக் கொடுத்தால் எழுதிவிடுவார்கள் என்று நானும் நினைத்தேன். முதல் நாலு மாதம் மொத்தம் பதினொரு பக்கம், அதில் ஒன்பது நான் எழுதியது. எங்கள் லேப் அசிஸ்டென்ட் அண்ணனுக்குத் தெரியாதது கிடையாது. எந்த சிஆர்ஓவை (மின் அலையைத் திரையில் காட்டுகிற லேப் கருவி) தட்டினால் படம் வரும், எந்த ஸ்விட்சை மழை நாளில் தொடக்கூடாது, எல்லாம் அத்துப்படி. எழுதிக் கொடுங்கண்ணே என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். நாலாவது தடவை சொன்னார்: "எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் நான் எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா மேடம்?" அவர் கான்ட்ராக்ட். இந்தக் கேள்விக்கு எந்த மென்பொருளிலும் பதில் இல்லை, என்னிடமும் அப்போது இல்லை.

ஜெராக்ஸ் கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர்களின் குறிப்புகளைச் சேர்க்க யுரேகா என்று ஒரு ஏற்பாடு 1990களில் பிரான்சில் தொடங்கி நடந்தது. அங்கே குறிப்பு கொடுத்தவர் பெயர் குறிப்போடவே போகும், அந்தப் பெயருக்காகவே எழுதினார்கள் என்று படித்திருந்தேன். அதே மாதிரி செய்தோம். அண்ணனை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அவர் பேசப் பேச நான் டைப் அடித்தேன், பக்கத்தின் தலையிலேயே அவர் பெயர். எங்கள் எச்ஓடி, அதாவது துறைத் தலைவர், மீட்டிங்கில் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். இப்போது அண்ணனே வந்து "அந்த மூணாவது வரி தப்பா இருக்கு, மாத்துங்க" என்று மிரட்டுகிறார். ஆனாலும் எல்லாவற்றையும் அவர் சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை, சொல்லாததில் தப்பும் இல்லை.

இன்னொரு தொல்லை, பக்கம் இருக்கும், ஆனால் காலாவதி ஆகியிருக்கும். மூணாவது பீரோவுக்குப் புதுப் பூட்டு போட்டு எட்டு மாதம் கழித்தும் விக்கியில் "லேசா தூக்கிப் பிடித்துத் திருப்பவும்" என்றே இருந்தது, புதிதாகச் சேர்ந்த பெண் அதைப் படித்துவிட்டுச் சாவியையே வளைத்துவிட்டார். அதற்கப்புறம் எல்லாப் பக்கத்திலும் "கடைசியாகச் சரிபார்த்த தேதி" என்று ஒரு வரி கட்டாயம். இதற்கு பீரோக்ரசி என்றே பெயர் வைத்த ஒரு பிளக்இன் உதவுகிறது, படிவம் நிரப்பினால் மாதிரிப்படி பக்கம் தயாராகிவிடும். பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

மூடுல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பாடம் நடத்த, அசைன்மென்ட் வாங்க. செமஸ்டர் முடிந்தால் அந்தக் கோர்ஸ் பக்கம் யாரும் போவதில்லை. ஆபீஸ் நடைமுறையை அதில் திணித்துப் பார்த்தோம், சரிவரவில்லை. மீடியாவிக்கி, விக்கிப்பீடியா ஓடுகிற அதே இஞ்சின், நல்லதுதான், ஆனால் டேட்டாபேஸ் பராமரிக்க ஆள் வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் அனுமதி பிரிப்பது அதன் இயல்பும் இல்லை. கான்ஃப்ளூயன்ஸ், அட்லாசியன் கம்பெனியின் விக்கி மென்பொருள், எழுத இதைவிட ரொம்ப வசதி. சின்ன இடங்கள் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள உதவிய சர்வர் லைசென்ஸை 2021 பிப்ரவரியோடு விற்பதை நிறுத்தி, 2024 பிப்ரவரியோடு சப்போர்ட்டையும் முடித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகத் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டுவதாகச் சொன்னால் எங்கள் கரஸ்பாண்டென்ட் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

ஐந்துக்கு நாலு தருவேன். தமிழ்த் தேடலுக்கு அரை, மொபைலில் திருத்துவது படுத்துகிற பாட்டுக்கு அரை கழித்தாச்சு. நூறு பேருக்குள் இருக்கிற கல்லூரி, துறை, சின்ன கம்பெனிக்குத் தாராளமாகப் போதும். கொஞ்சம் லினக்ஸ் தெரிந்த ஒருவர் மட்டும் வேண்டும், அவரும் ரிடையர் ஆவார் என்பதால் விக்கியை எப்படிப் பராமரிப்பது என்று விக்கியிலேயே ஒரு பக்கம், அதை பிரிண்ட் எடுத்து பீரோவில் ஒரு காப்பி. சும்மா பார்க்க நினைப்பவர்களுக்கு விண்டோஸுக்கென்று பென்டிரைவிலேயே ஓடுகிற பதிப்பு ஒன்று இருக்கிறது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், போல்டரை விரித்து ஓடவிட்டால் போதும். நான் பிரின்சிபாலுக்கு முதலில் காட்டியது அதில்தான், அவர் லேப்டாப்பிலேயே.