கருகரு முடியை வெள்ளையாக்க: ஒரே நாளா, தவணையா?

கருகருவென்ற முடி நேராக வெள்ளைக்குப் போகாது. சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, பிறகு மஞ்சள் என்று படிப்படியாகத்தான் வெளுக்கும். இதை ஒரே நாளில் முடிப்பதா, சில வாரம் இடைவெளி விட்டுத் தவணையாகச் செய்வதா?

ஒரே நாள் என்றால் பலர் எடுப்பது 40 வால்யூம் டெவலப்பர் (ப்ளீச் பொடியோடு கலக்கும் திரவம்), அதாவது 12% ஹைட்ரஜன் பெராக்சைடு. வேகம் உண்டு. ஆனால் தலைத்தோல் எரியும். உடல் சூட்டில் வேர்ப்பக்கம் முந்தி வெளுத்து, நடுமுடி ஆரஞ்சாகவே நின்றுவிடலாம். முடியும் ஒரே மூச்சில் அத்தனை அடியையும் வாங்குகிறது.

தவணையில் 20 வால்யூம், 6% போதும். நடுவில் கொஞ்ச நாள் ஆரஞ்சுத் தலையோடு நடமாட வேண்டியிருக்கும். பரவாயில்லை, முதல்முறை செய்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு முறையும் ஈரமான ஒற்றை முடியை மெல்ல இழுத்துப் பாருங்கள். நீண்டு, பழையபடி சுருங்கினால் சரி. சுருங்காமல் தொய்ந்து நின்றால் அடுத்த ப்ளீச்சைத் தள்ளிப்போடுங்கள்.

எந்த வழியானாலும், வாழைப்பழத் தோலின் உட்புறம் போல வெளிர்மஞ்சள் வந்ததும் ப்ளீச்சை நிறுத்திவிடுங்கள். மிச்ச மஞ்சளை அடக்கி வெள்ளையாகக் காட்டுவது ஊதா டோனரின் வேலை.