சிரையோடு நிறுத்தலாமா, சுவரையும் சுட வேண்டுமா?

இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகப் படபடக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஏழு நாளைக்கு மேல் விடாமல் ஓடினால் அதைப் பெர்சிஸ்டென்ட் என்பார்கள். அப்லேஷனுக்கு, அதாவது இதயத் தசையைக் கம்பி வழியே சுட்டுத் தழும்பாக்கும் சிகிச்சைக்கு, லேசில் அடங்காத வகை. வந்து வந்து போகும் வகையில் படபடப்பைக் கிளப்பும் மின்பொறி பெரும்பாலும் நுரையீரல் சிரைகளுக்குள்ளிருந்துதான் கிளம்புகிறது என்று 1998-ல் பிரான்சின் போர்தோவில் டாக்டர் ஹைசகேரின் குழு காட்டியது. அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றிச் சுட்டு வேலி போட்டுவிட்டால் பலருக்கும் அதுவே போதும். பெர்சிஸ்டென்ட் ஆகிவிட்டால் இடது மேலறையே பெருத்து, சுவரில் தழும்பேறி, பொறி வேறு இடங்களிலிருந்தும் வரத் தொடங்கும். சிரையோடு ஏன் நிறுத்த வேண்டும், சுவரிலும் நாலு கோடு இழுத்துவிடலாமே என்று டாக்டர்களுக்குக் கை அரிப்பது இதனால்தான்.

நியாயமான அரிப்புதான், ஆனால் சோதித்துப் பார்த்தபோது பலிக்கவில்லை. 2015-ல் வந்த ஸ்டார் ஏ.எஃப். 2 ஆய்வில் 589 பேர். சிரையை மட்டும் சுட்டவர்களில் 18 மாதம் கழித்து 59 சதவீதம் பேருக்கு ஃபிப்ரிலேஷன் திரும்பவில்லை. கூடவே சுவரில் மின்குறிகள் சிதறித் தெரியும் இடங்களைத் தேடித்தேடிச் சுட்டவர்களில் அது 49, கோடு இழுத்தவர்களில் 46. புள்ளியியல்படி மூன்றும் ஒன்றுதான், ஆனால் கூடுதலாகச் சுட்டவர்கள் மேசையில் படுத்திருந்த நேரம் அதிகம். கோட்டில் எங்காவது சின்ன இடைவெளி விட்டுப்போனால் அதுவே புதிதாக ஒரு ஃப்ளட்டருக்கு (மின்னோட்டம் வட்டமாகச் சுற்றும் வேறொரு படபடப்பு) வழி திறந்துவிடும் என்பது தனித் தலைவலி. சரி, இடது மேலறையின் பின்சுவரைச் சுற்றிச் சுட்டு மொத்தமாகப் பெட்டி கட்டினால்? 2023-ன் காப்லா ஆய்வு, 338 பேர், ஒரு வருடத்தில் படபடப்பு திரும்பாதவர்கள்: பெட்டி கட்டியவர்களில் 52.4 சதவீதம், கட்டாதவர்களில் 53.7.

கொஞ்சம் ஜெயித்த வழிகளில் ஒன்று மார்ஷல் சிரை வழி. இதயத்தின் வெளிப்பக்கமாக ஓடும் ஒரு பொடிச் சிரை அது. கரோனரி சைனஸ் என்ற இதயத்தின் பெரிய சிரை வழியாக மெல்லிய கம்பியை நுழைத்து, குட்டி பலூனால் வாயை அடைத்து, சில மில்லி ஆல்கஹாலை உள்ளே விடுகிறார்கள். உள்ளிருந்து சுட்டால் சூடு எட்டாத தசையை அது வெளியிலிருந்து கருக்கிவிடும். வீனஸ் ஆய்வில் (2020) இதைச் சேர்த்தபோது வெற்றி 38-லிருந்து 49.2 சதவீதம் ஆனது. சீனாவின் ப்ராம்ப்ட் ஏ.எஃப். ஆய்வில், மார்ஷலோடு கோடுகளும் சேர்த்தவர்களில் 70.7, நுரையீரல் சிரை மட்டும் செய்தவர்களில் 61.5. ஆனால் மார்ஷல் சிரை எல்லாரிடமும் பிடி கொடுக்காது. வீனஸில் 185 பேரில் 155 பேருக்குத்தான் ஆல்கஹால் விட முடிந்தது.

இந்தச் சதவீதங்களைப் பார்த்து மிரள வேண்டாம், ஒரு ஆய்வின் எண்ணை இன்னொன்றோடு நேராக ஒட்டிப் பார்க்கவும் வேண்டாம். வழக்கமான கணக்கு இதுதான்: முதல் மூன்று மாதம் போக, பிறகு ஒரே ஒரு தடவை 30 விநாடி படபடத்தாலும் தோல்வி. மாதக்கணக்கில் இரவும் பகலும் படபடத்தவருக்கு வருடத்தில் ஒருநாள் அரை நிமிடம் வந்தால் அவர் அதைத் தோல்வி என்பாரா? காப்லாவில் இரண்டு குழுவிலுமே, ஃபிப்ரிலேஷனில் கழிந்த நேரத்தின் மீடியன் (நடு மதிப்பு) பூஜ்யம் சதவீதம். எனக்கு இந்த எண்தான் முக்கியமாகப் படுகிறது.

ஆகவே முதல் தடவை என்றால் என் ஓட்டு நுரையீரல் சிரைக்கு மட்டும், அதையும் ஓட்டையில்லாமல் செய்ய வேண்டும். மார்ஷல் வேண்டுமானால் அதை வாராவாரம் செய்து கைபழகிய குழுவிடம் போக வேண்டும்.

இப்போது சூட்டுக்குப் பதில் மின்துடிப்பால் செல்களைத் துளைக்கும் பி.எஃப்.ஏ. வந்திருக்கிறது. உணவுக்குழாயைச் சுட்டுவிடுவோமோ என்ற பயம் குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் பல்ஸ்டு ஏ.எஃப். ஆய்வில் பெர்சிஸ்டென்ட்காரர்களின் ஒரு வருட வெற்றி 55 சதவீதம், பழைய முறைகளின் பக்கத்திலேயேதான் நிற்கிறது. இதில் பின்சுவரைச் செய்யச் சில நிமிடமே ஆகும் என்பதால் அந்தப் பழைய அரிப்பு மறுபடி கிளம்பியிருக்கிறது. காப்லா சூட்டை வைத்துச் செய்த ஆய்வு, மின்துடிப்புக்கு அது பொருந்தாது என்கிறார்கள். இருக்கலாம், அதையும் இதேபோல் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துச் சோதித்துக் காட்டட்டும்.